ஓட்டுநர் இல்லா ஊர்தியும் பயணக் கட்டணமும்

விளைந்த பொருள் சந்தையை அடைதல் வேண்டும்; கற்பவர் பள்ளியை அடைதல் வேண்டும்; நோயுற்றோர் மருத்துவமனையை அடைதல் வேண்டும். ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் செல்லுதல் இன்றி மக்கள் வாழ்வு ஒருநாளும் நடைபெறாது. அங்ஙனம் செல்லுதற்கு நாம் கொடுக்கும் விலையே பயணக் கட்டணம் எனப்படும். அரிசியின் விலையும் துணியின் விலையும் ஏறினால் நாம் உடனே உணர்கின்றோம். பயணத்தின் விலையோ சிறு நாணயங்களாக நாள்தோறும் கைமாறுவதால் நம் கருத்தில் பெரிதும் படுவதில்லை. எனினும் நாள்தோறும் வேலைக்குச் செல்லும் ஏழை ஒருவரின் வருவாயில் அது கொள்ளும் பங்கு சிறிதன்று.

இந்நாளில் உலகின் சில நகரங்களில், ஓட்டுவார் இன்றித் தாமே இயங்கும் வாடகை ஊர்திகள் தெருவில் ஓடுகின்றன. ஓட்டுநர் இல்லையாயின் அவருக்குக் கொடுக்கும் கூலியும் இல்லை. கூலி இல்லையாயின் கட்டணம் குறையுமன்றோ என்று பலரும் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எவ்வளவு உண்மை? குறையும் பொருள் யார் கையைச் சேரும்? இவ்வினாக்களை நாம் அறிந்த ஓரூரை வைத்துக்கொண்டே ஆராய்வோம்.

காவிரியைக் கடத்தல்

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்த தீவு. திருச்சிராப்பள்ளியிலிருந்து அவ்வூரை அடைவோர் காவிரியைக் கடந்தே ஆகவேண்டும். திருச்சியில் ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு பகுதிக்கு ஓடத்துறை என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அங்கு ஓடம் விட்ட காலம் ஒன்று இருந்தது என்பதை அப்பெயரே நமக்கு உணர்த்துகின்றது. ஓடத்தில் ஏறுவார் ஓடக்காரர்க்குக் கூலி கொடுத்தனர். பாலம் வந்தபின் அக்கூலி மறைந்தது.

ஓடக்கூலி மறைந்ததனால் ஆற்றைக் கடக்கும் செலவும் மறைந்துவிட்டதா? இல்லை. இக்காலத்தில் திருச்சியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அதனைக் கட்டுதற்குப் பொருள் வேண்டியிருந்தது. காத்தற்கும் பொருள் வேண்டியுள்ளது. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் பழுது பார்ப்பதற்காக அப்பாலம் மூடப்பெற்றது. பேருந்துகளும் கார்களும் சுற்றுவழியில் திருப்பிவிடப்பெற்றன. 2023 மார்ச்சு மாதத்தில் பாலம் மீண்டும் திறக்கப்பெறும்வரை, அருகில் இருந்த ஊர் தொலைவில் சென்றுவிட்டது போல் ஆயிற்று. பாலத்தின் மதிப்பு அது மூடிய நாளில்தான் பலர்க்கும் தெரிந்தது.

முன்னாளில் ஓடக்காரர் கையில் கொடுத்த செலவை இந்நாளில் வரியாக அரசின் கையில் கொடுக்கின்றோம். செலவு ஒழியவில்லை, கொடுப்பவரும் கொடுக்கும் முறையும் மாறினர். ஓடக்காரர் தம் தொழிலை இழந்தார். ஊரார் விரைவாகக் கடக்கும் வசதியைப் பெற்றனர். புதிய கருவி வருங்காலத்தெல்லாம் நிகழும் மாறுதல் இது. இதனை நினைவிற்கொண்டு மேலே செல்வோம்.

கட்டணத்தின் கூறுகள்

சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து திருவரங்கத்திற்கு ஓர் ஆட்டோவில் செல்வதாகக் கொள்வோம். நாம் கொடுக்கும் தொகை ஒரே தொகையாகத் தோன்றினும், அதனுள் பல கூறுகள் அடங்கியுள்ளன. எரிபொருளின் விலை ஒன்று. வண்டி வாங்கிய கடனுக்குரிய தவணை, அல்லது வண்டி பிறருடையதாயின் அவர்க்குரிய நாள் வாடகை மற்றொன்று. பழுது பார்த்தல், சக்கர உறை மாற்றுதல், காப்புறுதி, உரிமக் கட்டணம் ஆகியவை வேறு. இவையெல்லாம் போக எஞ்சுவதே ஓட்டுநரின் கூலி. அதனைக் கொண்டே அவர் தம் குடும்பத்தைக் காக்கின்றார்.

இவற்றோடு கண்ணுக்குப் புலனாகாத கூறு ஒன்றும் உண்டு. அது வெறும் வண்டியின் செலவு. திருவரங்கத்தில் நம்மை இறக்கிய ஆட்டோவுக்குத் திரும்பும் வழியில் ஆள் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிடில் எரிபொருளும் காலமும் வீணாகும். அதனால் அவ்விழப்பில் ஒரு பகுதியை ஓட்டுநர் நம்மிடமே முன்னதாகக் கேட்கின்றார். நிலையத்தில் ஆளுக்காகக் காத்திருந்த நேரத்தின் விலையும் அதனுள் சேரும். நாம் சென்ற தொலைவுக்கு மட்டும் விலை கொடுப்பதாக எண்ணுகின்றோம். உண்மையில் வண்டி வெறுமையாக நின்ற நேரத்திற்கும், வெறுமையாக ஓடிய தொலைவுக்கும் சேர்த்தே கொடுக்கின்றோம்.

வேண்டுவோர் தொகையும் விலையை மாற்றும். வைகுண்ட ஏகாதசி நாளில் திருவரங்கத்தில் மக்கள் வெள்ளம் பெருகும். வண்டிகள் சில, ஏற விரும்புவார் பலர். அந்நாளில் கேட்கும் விலை உயர்வது இயல்பு. நிலையத்தில் ஓட்டுநர் வாய்மொழியாக உயர்த்துவதையே, கைப்பேசிச் செயலி வழியாக வண்டி அமர்த்தும் நிறுவனங்கள் கணினியைக்கொண்டு உயர்த்துகின்றன. இதற்கு ஓர் எல்லை வேண்டும் என்று கருதிய ஒன்றிய அரசு, 2025 ஜூலையில் வெளியிட்ட நெறிமுறைகளில், நெரிசல் நேரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தின் இரு மடங்கிற்கு மேற்படலாகாது என்று வகுத்தது. அடிப்படைக் கட்டணத்தை வரையறுக்கும் பொறுப்பு மாநிலங்களுடையது.

கட்டணத்தைச் செலவு மட்டுமே முடிவு செய்வதில்லை என்பதற்கு மற்றொரு சான்றும் திருச்சியிலேயே உண்டு. அந்நகரில் அரசின் பேருந்துகளோடு தனியார் நகரப் பேருந்துகளும் ஓடுகின்றன. 2021 மே 8 முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்லும் திட்டம் தொடங்கப்பெற்றது. தனியார் பேருந்துகள் அத்திட்டத்தில் சேரா. ஒரே சாலை, ஒரே தொலைவு. ஒன்றில் ஏறிய பெண் கட்டணம் கொடுக்கின்றார். மற்றொன்றில் ஏறியவர் கொடுப்பதில்லை. அரசுப் பேருந்து செலவின்றி ஓடுகின்றதா? அன்று. அவர் கொடுக்காத பொருளை அரசு போக்குவரத்துக் கழகத்திற்கு ஈடு செய்கின்றது. ஆகவே எப்பயணத்திலும் முதலிற் கேட்கவேண்டிய வினா, "கட்டணம் எவ்வளவு?" என்பது மட்டுமன்று, "அதனைக் கொடுப்பவர் யார்?" என்பதும் ஆகும்.

ஒரு சிறு கணக்கு

ஓட்டுநரின் கூலி கட்டணத்தில் எவ்வளவு பங்கு கொள்கின்றது? விளங்கிக்கொள்ளுதற்பொருட்டு ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். இதில் வரும் எண்கள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே கொள்ளப்பட்டவை.

ஓர் ஆட்டோ ஓட்டுநரின் ஒருநாட் கூலி 800 ரூபாய் என்க. அவர் நாளொன்றுக்கு 20 முறை, முறைக்கு இருவராக, 40 பேரை ஏற்றிச் செல்கின்றார். ஒவ்வொருவர் கட்டணத்திலும் ஓட்டுநருக்கு உரியது 20 ரூபாய். பேருந்து ஓட்டுநரின் ஒருநாட் கூலி 1,200 ரூபாய் என்க. அப்பேருந்தில் நாளொன்றுக்கு 600 பேர் செல்கின்றனர். ஒவ்வொருவர் கட்டணத்திலும் அவருக்கு உரியது 2 ரூபாய் மட்டுமே. நகர்ப்புறத் தொடர்வண்டி ஒன்றை ஓட்டுபவரின் கூலி 2,000 ரூபாய் என்றும், அதில் நாளொன்றுக்கு 10,000 பேர் செல்கின்றனர் என்றும் கொண்டால், ஒருவர்க்கு 20 காசு மட்டுமே ஆகின்றது.

இக்கணக்கால் விளங்கும் உண்மை யாது? பலர் கூடிச் செல்லும் ஊர்தியில் ஓட்டுநரின் கூலி பலராற் பகிர்ந்துகொள்ளப்படுகின்றது. ஆதலின் அது மிகச் சிறிதாகின்றது. சிலர் மட்டும் செல்லும் ஊர்தியில் அது பெரும்பங்கு கொள்கின்றது. எனவே ஓட்டுநர் இல்லாமற் போனால் ஆட்டோவின் கட்டணமும் வாடகைக் காரின் கட்டணமும் பெரிதும் மாறக்கூடும். பேருந்தின் கட்டணம் சிறிதே மாறும். தொடர்வண்டியின் கட்டணத்தில் மாறுதல் தோன்றுவதே அரிது.

செல்வதும் வருவதும்

தானே ஓடும் ஊர்தி எங்ஙனம் இயங்குகின்றது? அதன் மேலும் பக்கங்களிலும் கேமராக்கள் பொருத்தப்பட்டுள்ளன. ஒளிக்கற்றையை வீசி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக்கொண்டு எதிரிலுள்ள பொருளின் தொலைவை அளக்கும் கருவிகளும், வானொலி அலைகளால் அளக்கும் கருவிகளும் சில ஊர்திகளில் உண்டு. இவை தரும் செய்திகளை ஊர்தியிலுள்ள கணினி நொடிதோறும் ஆராய்ந்து, செல்லுதல், நிற்றல், திரும்புதல் ஆகியவற்றை முடிவு செய்கின்றது.

இவ்வூர்தி வந்தால் ஓட்டுநரின் கூலி என்னும் செலவு செல்லும். உண்மையே. ஆனால் வேறு பல செலவுகள் உள்ளே வரும். கருவிகளும் கணினியும் விலை உயர்ந்தவை. தெருக்களை நுட்பமாக அளந்து வரைபடம் ஆக்கவேண்டும். தெரு மாறுந்தோறும் அதனைத் திருத்தவேண்டும். ஊர்தி வழியறியாது நின்றுவிடின் தொலைவிலிருந்து அதற்கு உதவ ஆட்கள் இருத்தல் வேண்டும். இந்நாளில் ஓட்டுநரே வண்டியைத் துடைக்கின்றார். சக்கரத்தில் காற்றுக் குறைந்தால் அவரே கவனிக்கின்றார். முதியவர் ஏறும்போது கை கொடுக்கின்றார். மறந்துவிட்ட பையைத் திரும்பக் கொண்டுவந்து தருபவரும் உண்டு. இவ்வேலைகளுட் பலவற்றிற்கு இனித் தனியே ஆள் வைத்துக் கூலி கொடுக்கவேண்டும். சில வேலைகளைச் செய்வார் இல்லாமலே போவர்.

இவ்வூர்தியால் வரும் சிக்கனம் ஒன்றும் உண்டு. மனிதர் உண்ணவேண்டும், உறங்கவேண்டும். பத்து மணி நேரம் ஓட்டியபின் ஓய்வு கொள்ளாமல் இருத்தல் இயலாது. இயந்திரமோ மின்கலத்தை நிரப்பும் நேரம் தவிர எந்நேரமும் ஓடவல்லது. பத்து மணி நேரம் உழைத்த வண்டி இருபது மணி நேரம் உழைக்குமாயின், வண்டியின் விலை இரு மடங்கு பயணங்களின் மேல் பரவும்; ஒவ்வொரு பயணத்திற்கும் அது பாதியாகும். ஆனால் இச்சிக்கனம் முழுமையாகக் கிட்டுதற்கு ஏறுவாரும் வேண்டும். பின்னிரவு இரண்டு மணிக்குச் சித்திரை வீதியில் வண்டி ஆயத்தமாக நின்றாலும், அதில் ஏறுவார் எத்துணைப் பேர்?

மூன்று நகரங்கள் காட்டும் உண்மை

இதுவரை கூறியது கணக்கு. இனி நடந்தவற்றைக் காண்போம்.

முதலாவது நம் நாட்டின் தலைநகர். 2020 டிசம்பர் 28-ஆம் நாள் தில்லி மெட்ரோவில், மேற்கு ஜனக்புரிக்கும் பொட்டானிக்கல் கார்டனுக்கும் இடையே ஏறத்தாழ 37 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தில், ஓட்டுநர் இன்றி இயங்கும் தொடர்வண்டி தொடங்கப்பெற்றது. இந்தியாவில் இதுவே முதலாவது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத் தடங்களுக்கும் இத்தகைய வண்டிகளே ஆக்கப்பெற்றன. தில்லியில் ஓட்டுநர் இல்லாத தடத்திற்கென்று தனிக் குறைந்த கட்டணம் ஏற்படவில்லை. தொலைவை ஒட்டிய பொதுக் கட்டண முறையே அத்தடத்திற்கும் உரியதாயிற்று. 2025 ஆகஸ்டில் அக்கட்டணம் சிறிது உயர்த்தவும் பட்டது. நாம் முன்னே போட்ட கணக்கிற்கு இது முற்றும் பொருந்துகின்றது. ஆயிரக்கணக்கானோர் செல்லும் வண்டியில் ஓட்டுநரின் கூலி கட்டணத்தை ஏற்றவும் இல்லை. அது நீங்கியதால் கட்டணம் இறங்கவும் இல்லை.

இரண்டாவது அமெரிக்க நாட்டின் சான் பிரான்சிஸ்கோ. அங்கு வேமோ என்னும் நிறுவனம், ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார்களைக் கட்டணம் பெற்று இரவும் பகலும் ஓட்டுதற்கு 2023 ஆகஸ்டில் இசைவு பெற்றது. 2024 ஜூனில் யாவரும் ஏறலாம் என்று அறிவித்தது. 2025-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் ஒரு மாத அளவில் அந்நகரத்துக் கட்டணங்களை ஒப்பிட்டு ஓர் ஆய்வு செய்யப்பெற்றது. வேமோவின் சராசரிக் கட்டணம் 20 டாலர் 43 சென்டு. மனிதர் ஓட்டும் வண்டிகளை அமர்த்தித் தரும் இரு நிறுவனங்களின் சராசரி 15 டாலர் 58 சென்டும், 14 டாலர் 44 சென்டும் ஆகும். ஓட்டுநர் இல்லாத வண்டியே விலை மிகுந்ததாயிற்று! வண்டிகள் சிலவாக இருந்தன. அவற்றில் ஏற விரும்பியோர் பலராக இருந்தனர். விரும்புவார் கொடுக்க உடன்படுகையில், விற்பவர் விலையைக் குறைத்தற்குக் காரணம் யாது?

மூன்றாவது சீன நாட்டின் ஊகான் நகரம். அங்கு பைடு நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத கார்கள் நூற்றுக்கணக்கில் ஓடின. 2024-ஆம் ஆண்டில், மனிதர் ஓட்டும் காருக்கு 18 முதல் 30 யுவான் வரை ஆகும் பயணத்திற்கு, அக்கார்களில் 4 முதல் 16 யுவான் வரையே ஆயிற்று என்று செய்திகள் கூறின. தொழில் பாதிக்கப்பட்ட வாடகைக் கார் ஓட்டுநர் தம் குறையை எடுத்து முறையிட்டனர். ஆயினும் அவ்விலை இயந்திரத்தின் சிக்கனத்தால் மட்டும் வந்ததன்று. மக்களைப் பழக்குதற்பொருட்டு நிறுவனம் தன் கைப்பொருளையும் இட்டு விலையைத் தாழ்த்தியிருந்தது. கைப்பொருள் இட்டுத் தாழ்த்திய விலை என்றும் நிலைத்து நிற்கும் என்று எண்ணலாகாது. போட்டியாளர் களத்தை விட்டு அகன்றபின் அது ஏறவும் கூடும்.

ஒரே வகை இயந்திரம். ஒரு நகரில் விலை ஏறிற்று, மற்றொரு நகரில் இறங்கிற்று, பிறிதொரு நகரின் தொடர்வண்டியில் மாறவே இல்லை. இவற்றால் நாம் அறிவது யாது? ஓட்டுநர் இறங்கியவுடன் கட்டணம் தானே இறங்கிவிடாது. ஓட்டுநர் விட்டுச்சென்ற பங்கை மூவர் எதிர்நோக்கி நிற்கின்றனர்: பயணம் செய்பவர் ஒருவர்; வண்டியை உடைய நிறுவனத்தார் ஒருவர்; சாலையையும் பாலத்தையும் காக்கும் அரசு ஒன்று. வண்டி உடையார் பலராய்ப் போட்டியிடின் அப்பங்கு பயணிக்குச் சேரும். ஒருவரே உடையராயின் அவரிடமே தங்கும். அரசு வரியோ கட்டணமோ விதிப்பின் ஒரு பகுதி பொதுமக்களுக்குச் சேரும். இயந்திரம் சிக்கனத்தை ஆக்கித் தரும். அதனைப் பங்கிட்டுத் தருவது மக்களின் சட்டமும் சந்தையின் அமைப்புமேயாகும்.

பாலம் தாங்குமா?

கட்டணம் குறைந்துவிட்டதாகவே கொள்வோம். அதனால் நன்மை மட்டுமே விளையுமா? திருச்சியில் ஆட்டோவின் கட்டணம் பேருந்துக் கட்டணத்தை நெருங்கினால், பேருந்தில் செல்வோர் பலர் தனி வண்டியை நாடுவர். ஒரு பேருந்தில் ஐம்பதுபேர் காவிரிப் பாலத்தைக் கடக்கின்றனர். அவர்களே இருவர் இருவராக ஆட்டோவில் சென்றால் இருபத்தைந்து வண்டிகள் வேண்டும். இவற்றோடு, ஆள் ஏறாத வெறும் வண்டிகளும் அடுத்த பயணியைத் தேடிப் பாலத்தின்மேல் ஓடிக்கொண்டிருக்கும். மனித ஓட்டுநர் எரிபொருள் வீணாகுமே என்று ஓரிடத்தில் நிறுத்திக் காத்திருப்பார். நிற்பதற்கு இடமும் அதற்குரிய வாடகையும் தேடுவதைவிட ஓடிக்கொண்டிருப்பதே சிக்கனம் என்று கணினி கணக்கிடுமாயின், அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொருவர்க்கும் மலிவாகிய பயணம், எல்லோர்க்கும் காலத்தாழ்வாகிய பயணமாய் முடியும்.

பேருந்தில் ஏறுவோர் குறைந்தால் அதன் வருவாய் குறையும். வருவாய் குறைந்தால் ஓடும் முறைகள் குறையும். பூக்கூடையோடு விடியலில் புறப்படும் பெண்ணும், பள்ளிக்குச் செல்லும் மாணவரும் நெடுநேரம் நிலையத்தில் நிற்க நேரும். செல்வர்க்கு வந்த மலிவு வறியவர்க்கு அருமையாக முடிதல் முறையன்று.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தமிழர் பலர் வாழும் சிங்கப்பூர், 1975-ஆம் ஆண்டிலேயே நெரிசல் மிகுந்த நகர்ப்பகுதியுள் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. 1998 முதல் மின்னணுக் கருவிகளால் அதனைத் தண்டி வருகின்றது. சாலை விரிவில்லாத சிறு நாடு, இடத்திற்கும் ஒரு விலை உண்டு என்பதை உணர்ந்து செய்த ஏற்பாடு அது. ஆள் இல்லாமல் வெறுமையாகப் பாலத்தைக் கடக்கும் ஊர்திக்கு மிகுந்த கட்டணமும், பலர் கூடிச் செல்லும் ஊர்திக்குக் கட்டணமின்மையும் விதித்தால், புதிய இயந்திரமும் பொதுநலத்திற்கு இணங்கி ஓடும். ஓட்டுநர் இல்லாத சிறு பேருந்துகள் தெருத்தோறும் சென்று மக்களைப் பெரும்பேருந்திடம் சேர்க்குமாயின், இரண்டும் ஒன்றையொன்று அழியாமல் வாழும்.

ஓட்டுநரின் நிலை

இறுதியாக, ஓட்டுநரை நினைத்தல் வேண்டும். கணக்கில் "கூலி" என்று ஒரு வரியில் எழுதிய தொகை, ஒரு வீட்டில் அடுப்பு எரிவதற்குக் காரணமான தொகையாகும். ஓட்டுநர் இல்லாத கார்களால் பல இலட்சம் பேர் வேலை இழப்பர் என்று கூறி, ஒன்றிய போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2017-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் அவற்றை இந்தியாவிற்குள் விட உடன்படாமையைத் தெரிவித்தார். மேற்கூறிய 2025-ஆம் ஆண்டு நெறிமுறைகளும், தம் சொந்த வண்டியை ஓட்டுவார்க்குக் கட்டணத்தில் நூற்றுக்கு எண்பதுக்குக் குறையாமல் சேர்தல் வேண்டும் என்று வகுத்துள்ளன. எரிபொருளும் வண்டிச் செலவும் அதனுள் அடங்கும் எனினும், பெரும்பங்கு உழைப்பவர்க்கே என்பது அந்நெறியின் கருத்து. ஓட்டுநரே இல்லாத வண்டியில் அவ்வெண்பது யாருக்கு உரியது? அந்நெறி எழுந்த காலத்தில் எழாத இவ்வினா வருங்காலத்தில் எழுந்தே தீரும்.

கருவியைத் தடுத்து நிறுத்துதல் ஒரு வழி. உழைப்பவரைக் கைவிட்டுக் கருவியை வரவேற்றல் மற்றொரு வழி. இவ்விரண்டிற்கும் இடையே நடுவழி ஒன்றையும் நம் நாடு கண்டுள்ளது. மனிதரை மனிதர் இழுத்துச் செல்லும் கைரிக்ஷாவைத் தமிழ்நாடு அரசு 1973-ஆம் ஆண்டில் ஒழித்தது. இழுத்தவரைத் தெருவில் விட்டுவிடாமல், அவர்களுக்கு மிதிவண்டி ரிக்ஷாக்களை வழங்கியது. பழைய கருவியைப் பறித்த கையே புதிய கருவியையும் கொடுத்தது. அச்செயலின் நெறி இன்றைக்கும் பொருந்தும். தானே ஓடும் ஊர்திகள் நம் ஊர்களுக்கு வருங்காலத்தில், அவற்றை ஓட்டுநர்களின் கூட்டுறவுச் சங்கங்களே உடைமையாகக் கொள்ளலாம். அவற்றைப் பேணுதல், தூய்மை செய்தல், தொலைவிலிருந்து கண்காணித்தல் ஆகிய வேலைகளுக்கு அவர்களையே பயிற்றலாம். அங்ஙனம் செய்தால், ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்குவாரேயன்றி வாழ்வினின்று இறங்கார்.

திருவரங்கத்தின் வீதிகளில் கோயிலுக்குச் செல்வோரும், பூ விற்போரும், தெருவின் நடுவே படுத்திருக்கும் மாடுகளும், திருவிழா ஊர்வலங்களும் மிகுதி. அகன்ற நேர்ச்சாலைகளில் பழகிய இயந்திரம் இத்தெருக்களில் வழியறிந்து செல்லுதற்கு இன்னும் காலம் ஆகலாம். அக்காலம் நமக்குக் கிடைத்த தவணை. இயந்திரம் வந்தபின் விதி வகுப்பதினும், வருமுன் எண்ணி வகுத்தல் நன்று.

மாணவர்களே! ஓடம் போய்ப் பாலம் வந்தது. கைரிக்ஷா போய் ஆட்டோ வந்தது. இனியும் புதியன வரும். அவை வரும்போது, "இது விரைவானதா? இது மலிவானதா?" என்று மட்டும் கேட்டு அமையாதீர்கள். "இம்மலிவுக்குரிய பொருள் எங்கிருந்து வந்தது? யாருடைய கையிலிருந்து சென்றது? யாருடைய கையைச் சேர்ந்தது?" என்றும் கேளுங்கள். அவ்வாறு கேட்கும் மக்கள் வாழும் நாட்டில், இயந்திரம் எத்துணை வல்லமை பெற்றாலும், அதனைச் செலுத்தும் அறிவு மக்களிடமே இருக்கும்.